மார்கழியில் அடுப்பு எரியாததற்கு என் பெரியம்மா பொறுப்பில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அறிவியல் மாணவன் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. பிளஸ் டூவில்கூட காமர்ஸ் குரூப்தான். "நுண்ணுயிரைப் பத்தி நீ எதுக்குடா எழுதற?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: ஒரு கணக்கு தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. தப்பான கணக்கைப் பார்த்தால் பென்சிலால் வட்டம் போடத்தானே நமக்கு மூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அந்த வகையில் இது என் ஏரியாதான் :-)

போன செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் கிராமப்புறத் தொழில்கள் பற்றி ஒரு கருத்தரங்கு. வந்திருந்த விருந்தினர் (பெயர் வேண்டாம்) சாண எரிவாயு பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். கடைசியில் ஒரு பையன் எழுந்து, "சார், எங்க பக்கம் நிறைய வீட்ல கோபர் கேஸ் தொட்டி சும்மாதான் கெடக்கு, ஏன் சார்?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "திட்டம் நல்ல திட்டம்தாம்ப்பா. நம்ம ஜனங்களுக்குத்தான் பராமரிக்க வணங்கறதில்ல" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல் வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மா ஞாபகம்தான் வந்தது.

பெரியம்மாவுக்கு ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு, நான்கு மாடு. சில வருஷங்களுக்கு முன் மானியத்தில் இரண்டு கன மீட்டர் தொட்டி போட்டார்கள். சித்திரை, வைகாசியில் அடுப்பு நன்றாகவே எரிந்தது. ஐப்பசியில் மந்தமானது. மார்கழியில் தீக்குச்சியைக் காட்டினால் ஒரு நீலப் பொட்டு தெரிந்து அணைந்துவிடும். தொட்டி போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சாணி பத்தலீங்கக்கா. கரைக்கறதும் சரியில்ல. இன்னும் ரெண்டு கூடை சேர்த்துப் போடுங்க. மிஞ்சுன சோறு, காய்த்தோலு எல்லாத்தையும் கொட்டுங்க. கேஸ் பிச்சுக்கிட்டு வரும்."

பெரியம்மா கொட்டினார். ஊட்டியில் மார்கழி விடியற்காலை எப்படி இருக்கும் என்று டூர் போனவர்களுக்குத் தெரியும். புல்மேல் உப்பைத் தூவியது போல உறைபனி கிடக்கும். அந்த நேரத்தில், அந்தத் தண்ணீரில் முழங்கை வரை விட்டு ஐம்பது கிலோவுக்கு மேல் சாணி கரைத்தார். தை பிறந்தது. கேஸ் வரவில்லை, புளித்த நாற்றம்தான் வந்தது. பெரியப்பா வேறு, "ஒரு வேலயாவது உருப்படியா செய்யறயா" என்று கத்தியிருக்கிறார். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா அம்மாவிடம் சொன்னது: "எனக்குக் கைராசி இல்ல போலிருக்குடி."

கைராசியாம்! அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

சரி, தொட்டிக்குள் என்ன நடக்கிறது? சாணத்தைப் போட்டதும் கேஸ் வந்துவிடுவதில்லை. உள்ளே ஒரு ரிலே ரேஸ் நடக்கிறது. ஒரு கூட்டம் பெரிய பெரிய பொருட்களை உடைத்துக் கரைக்கிறது. அடுத்த கூட்டம் அதைத் தின்று அமிலங்களாக மாற்றுகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்குகிறது. கடைசியாக ஓடுபவைதான் மீத்தேன் செய்கிற நுண்ணுயிர்கள். நாம் அடுப்பில் எரிப்பது இந்தக் கடைசிக் கூட்டத்தின் உழைப்பை. இவை பாக்டீரியாவே இல்லையாம். 1977ல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இரண்டு பேர் இவற்றின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி வம்சம் என்று பிரித்துவிட்டார்கள். இன்று அந்த வம்சத்துக்கு ஆர்க்கியா என்று பெயர்.

இந்தக் கடைசிக் கூட்டம் மகா சோம்பல். (விருந்தினர் சொன்ன சோம்பேறி இவர்தான், பெரியம்மா இல்லை.) அமிலம் செய்கிற பாக்டீரியா நல்ல சூட்டில் மணிக்கணக்கில் இரட்டிப்பாகும். மீத்தேன் செய்கிறவற்றில் பலவற்றுக்கு அதே சூட்டில் நாள்கணக்கில் ஆகும். குளிரிலோ அந்த நாட்கள் நீண்டுகொண்டே போகும்.

இவை எங்கிருந்து தொட்டிக்கு வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். மாட்டின் வயிற்றிலிருந்து. அங்கே வெளியில் மழையோ பனியோ, எப்போதும் 38, 39 டிகிரி. அந்தக் கதகதப்பிலிருந்து நேராக ஊட்டித் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, வேலை செய் என்றால்?

சாதாரணத் தொட்டியில் இருக்கிற கூட்டத்துக்கு 35 டிகிரியை ஒட்டிய சூடு ரொம்பப் பிடிக்கும். 55 டிகிரியை ஒட்டி வேலை செய்கிற இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அது வேகமானது, ஆனால் சரியான முன்கோபி. சூடு ஒன்றிரண்டு டிகிரி சடாரென்று மாறினாலே முறைத்துக்கொள்ளும். அது பெரிய ஆலைகளுக்குத்தான் சரிப்படும், வீட்டுக்கு வேண்டாம். வீட்டுத் தொட்டிக்குத் தோராயமான விதி ஒன்று சொல்கிறார்கள்: பத்து டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும். 15க்குக் கீழே போனால் நொண்டும். 10க்குக் கீழே கிட்டத்தட்ட நின்றே போகும். ஊட்டியின் ஆண்டு சராசரியே 14, 15 டிகிரிதான். மண்ணுக்குள் புதைத்த தொட்டி அந்தச் சராசரியை ஒட்டித்தான் இருக்கும்.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதலில் படிப்பது என்ன? இயல்பான நட்டம், அசாதாரண நட்டம். பெட்ரோல் கொஞ்சம் ஆவியாகும், அரிசி கொஞ்சம் உமியாகும். வேலையின் தன்மையிலேயே இருக்கிற இந்த நட்டத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அதற்காக யாரையும் திட்டக்கூடாது. கவனக்குறைவால் வருவதுதான் அசாதாரண நட்டம், அதற்குத்தான் ஆளைத் தேட வேண்டும். குளிர்காலத்தில் மலையில் கேஸ் குறைவது நூற்றுக்கு நூறு இயல்பான நட்டம். அதை அசாதாரணம் என்று எழுதி, சாணி கரைக்கிற பெண்ணின் பேரில் பற்று வைத்திருக்கிறார்கள். என் சண்டை இதுதான்.

தொட்டி விற்கும்போது காட்டுகிற எண்களைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கேஸுக்குத் தினம் 25 கிலோ சாணம். ஒரு கன மீட்டர் கேஸ் என்பது சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். ஆகவே இரண்டு கன மீட்டர் தொட்டி வருஷத்துக்கு 330 கிலோவை மிச்சம் பிடிக்கும், அதாவது 14.2 கிலோ சிலிண்டர் 23. இத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். எல்லாம் சரி. ஆனால் இந்த 25 கிலோ கணக்கு 27, 30 டிகிரி இருக்கிற சமவெளிக் கணக்கு. அந்த ஒரு வார்த்தையை யாரும் எழுதுவதில்லை. 15 டிகிரியில் அதே தொட்டி, அதே சாணம், அதே பெரியம்மா. 23 சிலிண்டர் 9 ஆகிறது. போட்ட காசு திரும்பும் காலம் இரண்டு மடங்குக்கும் மேல் நீள்கிறது. ஒரு கம்பெனி இப்படி ஒரு ப்ராஸ்பெக்டஸ் போட்டால் நாம் என்ன சொல்லுவோம்?

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. அதுதான் கோபமே. நம் நாட்டு வடிவமைப்புக் கணக்கிலேயே வெப்பம் இருக்கிறது. சாணக் கரைசல் தொட்டிக்குள் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதற்கு மூன்று மண்டலம் வைத்திருக்கிறார்கள்: 30 நாள், 40 நாள், 55 நாள். சூடு குறையக் குறைய நாள் கூடுகிறது. அதாவது தொட்டி பெரிதாகிறது. மிகச் சரியான யோசனை. ஆனால் மண்டலம் பிரித்தது மாநில வாரியாக. ஹிமாசலம், சிக்கிம் எல்லாம் 55. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா 30. பெரியம்மாவின் ஊர் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஆனால் ரேஷன் கார்டில் தமிழ்நாடு என்று இருக்கிறது. நுண்ணுயிருக்கு மாநில எல்லை தெரியாது என்று எழுத ஆசைதான், ஆனால் இதற்கு நுண்ணுயிரியல் வேண்டாம், ஒரு ஸ்வெட்டர் போதும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர், தினம் 100 லிட்டர் கரைசல். 30 நாளுக்கு 3,000 லிட்டர் கொள்ளளவு வேண்டும். 55 நாளுக்கு 5,500. கொள்ளளவு 1.83 மடங்கு. ஆனால் சுவரின் பரப்பு அவ்வளவு கூடாது, ஒன்றரை மடங்குதான் (கனம் கூடுகிற அளவுக்குப் பரப்பு கூடாது என்று பத்தாம் வகுப்பு அளவியலில் படித்தோமே, அது இங்கேதான் உதவுகிறது). செங்கல், சிமென்ட் பாதி கூடும், அவ்வளவுதான்.

தங்கும் நாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடை உதாரணத்தில் சொல்கிறேன். ஒரு கடையில் மாதம் பத்துப் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள். புதிதாக மாதம் பத்துப் பேரைச் சேர்க்க முடிந்தால் கடை ஓடும். ஐந்து பேர்தான் கிடைத்தால்? தொட்டியில் தினமும் 100 லிட்டர் உள்ளே போகும்போது 100 லிட்டர் வெளியே வழிகிறது. வழிவதோடு நுண்ணுயிரும் போகிறது. சூடு இருந்தால் போனதை இனப்பெருக்கத்தில் ஈடுகட்டிவிடும். குளிரில் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டமே கழுவிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் அந்த "இன்னும் ரெண்டு கூடை" யோசனை. இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. குளிரில் அமிலம் செய்கிற கூட்டமும் மந்தமாகிறதுதான், ஆனால் மீத்தேன் கூட்டம் அதைவிட மந்தம். அமிலம் உண்டாகிற வேகத்துக்குத் தின்ன ஆள் இல்லை. அமிலம் சேர்ந்துகொண்டே போனால் மீத்தேன் கூட்டம் முற்றிலும் படுத்துவிடும். மாட்டுச் சாணத்தை மட்டும் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சாணத்துக்கு அமிலத்தைத் தாங்குகிற சக்தி ஓரளவு உண்டு. சோறும் காய்த்தோலும் அப்படியில்லை, சடசடவென்று புளிக்கும். தினமும் அதிகமாகப் போட்டதால் வழிவதும் அதிகமாயிற்று, கழுவிப் போவதும் அதிகமாயிற்று. ஆக, பெரியம்மா சோம்பேறித்தனமாக இருந்திருந்தால் தொட்டி பிழைத்திருக்கும். சொன்ன பேச்சைக் கேட்டு உழைத்ததால்தான் கெட்டது.

"ஜெர்மனிக்காரன் பனியிலயே கேஸ் எடுக்கறானே" என்று ஒரு நண்பன் சொன்னான். எடுக்கிறான். ஒன்பதாயிரத்துக்கும் மேல் ஆலை வைத்திருக்கிறான். ஆனால் எப்படி எடுக்கிறான்? தொட்டியைச் சுற்றிக் கம்பளி போல வெப்பத் தடுப்பு, கேஸில் ஜெனரேட்டர் ஓட்டி, அந்த எஞ்சினில் வரும் வீண்சூட்டைக் குழாய் வழியே தொட்டிக்குள் திருப்பிவிட்டு, 40 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்கிறான். 'ஜெர்மானியர்கள் சுறுசுறுப்பாகப் பராமரிக்கிறார்கள்' என்பது பாதிதான். மீதிப் பாதி, அவர்கள் சூட்டுக்குக் காசு ஒதுக்கியிருக்கிறார்கள்.

இன்னொருவன் (பயோடெக்) கொஞ்சம் வலுவான வாதம் வைத்தான். குளிரிலேயே வாழ்கிற மீத்தேன் நுண்ணுயிர் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று. இருக்கிறது. அண்டார்டிகாவில் ஏஸ் ஏரி என்ற இடத்தில் எடுத்த ஒன்று 15 டிகிரியில்தான் நன்றாக வளருமாம். ஆனால் அது வாழ்வது ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வைத்து. நம் தொட்டியில் மீத்தேனின் பெரும்பகுதி அசிட்டிக் அமிலத்திலிருந்து வருகிறது. ஒரே ஒரு வீரனை இறக்கி ரிலே ரேஸ் ஜெயிக்க முடியாது, நாலு பேரும் குளிருக்குப் பழக வேண்டும். பழகவும் செய்கின்றன, ஆனால் மெதுவாக. மெதுவாகப் பழகுகிறவற்றுக்கு வேண்டியதும் அதேதான், பெரிய தொட்டி, அதிக நாள்.

மூன்றாவது வாதம் எனக்கே தோன்றியது. அரசாங்கம் எத்தனையைத்தான் பார்க்கும்? 1981-82ல் தேசியத் திட்டம் தொடங்கியதிலிருந்து இதுவரை நாடு முழுக்க ஐம்பது லட்சம் வீட்டுத் தொட்டிகள் போட்டிருக்கிறார்கள். சின்ன வேலை இல்லை. 1984ல் வந்த தீனபந்து மாதிரி போன்ற நல்ல, மலிவான வடிவங்களும் கிடைத்தன. முழுக்க மண்ணுக்குள் இருப்பதால் பழைய இரும்பு டிரம் மாதிரியைவிடச் சூட்டைக் கொஞ்சம் நன்றாகவே காக்கும். மலைப்பகுதிக்குக் கூடுதல் மானியம் கொடுத்த வருஷங்களும் உண்டு. இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் மானியம் தொட்டியைச் சூடாக்காது. கட்டி முடித்த தொட்டிகளை எண்ணுகிறோம், அதுவும் கன மீட்டர் அளவில். அந்தக் கன மீட்டர் மார்கழியில் வந்ததா என்று யார் எண்ணுவது? விற்பனையை எழுதிவிட்டு, பணம் வசூலானதா என்று பார்க்காத கடை மாதிரி இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கும் நாளை மாநிலப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த ஊரின் மார்கழி, தை வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்யட்டும். நீலகிரிக்கு, கொடைக்கானலுக்கு, ஏற்காட்டுக்குத் தனித்தனியாக. விலைப்பட்டியலில் 'இத்தனை கன மீட்டர்' என்று எழுதுகிற இடத்தில் 'இத்தனை டிகிரியில்' என்று ஒரு வார்த்தை சேர்க்கட்டும். தொட்டியோடு ஒரு வெப்பமானி கொடுக்கட்டும். பெரிய ஆலைகளில் வெப்பமானி இல்லாமல் வேலையே நடக்காது. செங்கல் வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வெப்பமானி மட்டும் ஆடம்பரமாகத் தெரிகிறதா? அது இருந்திருந்தால் "கைராசி" என்ற வார்த்தையே வந்திருக்காது. 14 என்று பார்த்திருப்பார், குளிருது, அதான் என்று போயிருப்பார்.

பி.கு: கேள்வி கேட்டால் பதிலும் சொல்லணும் என்பார்களே, அதற்காக. போன குளிர்காலத்தில் பெரியம்மா வீட்டில் செய்தது இது. சோறு, காய்த்தோல் நிறுத்தம். கொஞ்ச நாள் தீனியே நிறுத்தம். பிறகு பாதி அளவு சாணம். விடியற்காலை கரைக்கிற வேலை கிடையாது. தண்ணீரைக் கறுப்பு டிரம்மில் வெயிலில் வைத்து, மதியம் கரைத்து விடுவது. தொட்டிக்கு மேலே வைக்கோலும் இலைச்சருகும் அரை அடி கனத்துக்குப் போட்டு, அதன்மேல் பாலிதீன் ஷீட். சுடுதண்ணியே ஊற்றினால் என்ன என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். 15 டிகிரி சாணம் 50 கிலோவோடு 60 டிகிரி தண்ணீர் 50 லிட்டர் சேர்த்தால் கரைசல் 37 டிகிரிக்கு வரும். ஆஹா என்று குதித்தேன். ஆனால் 3,000 லிட்டருக்குள் அந்த 100 லிட்டர் போனால் தொட்டி ஒரு நாளைக்கு முக்கால் டிகிரிதான் ஏறும், அதுவும் ராத்திரி இறங்காமல் இருந்தால். அந்தத் தண்ணீரைச் சுட வைக்கவே அரைக் கன மீட்டருக்கு மேல் கேஸ் போய்விடும். சோலார் ஹீட்டர் வீட்டில் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் வேண்டாம்.

பள்ளி லேபில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தை முதல் வாரம் கரைசல் வெளியே வருகிற இடத்தில் 17 காட்டியது. காலை டீக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் எரிந்தது, மிச்சத்துக்கு சிலிண்டர். மதியம் பன்னிரண்டு மணிக்கு வெப்பமானியைப் பார்ப்பது இப்போது பெரியப்பாவின் வேலையாம். அப்படியே கரைத்தும் விட்டுவிடுகிறாராம்.